எழுத்து நெளியுதா? ஒரு கண்ணை மூடிப் பாருங்க

இதைப் படிக்கும்போதே ஒரு சின்ன சோதனை. வலது கண்ணைக் கையால் மூடி ஒரு வரியைப் படியுங்கள். பிறகு இடது கண்ணை மூடிப் படியுங்கள். ஏதாவது ஒரு கண்ணில் வரி வளைந்தாலோ, நடு எழுத்து மட்டும் காணாமல் போனாலோ, "வயசாயிடுச்சு, புரையா இருக்கும்"னு விட்டுடாதீங்க. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

விழித்திரையின் நடுவில், எழுத்தையும் முகத்தையும் தெளிவாகக் காட்டும் சின்னப் பகுதிதான் மாகுலா. கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி வயதாக ஆகச் சுருங்கி, விழித்திரையை விட்டு விலகும். சிலருக்கு நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு இழுக்கும். அந்த இழுப்பில் மாகுலாவில் துளை விழுகிறது. 60 வயதைத் தாண்டிய பெண்களிடம் இது அதிகம். சொட்டு மருந்தோ கண்ணாடியோ இதை அடைக்காது. ஓசிடி ஸ்கேனில் துளையின் அளவு மைக்ரான் கணக்கில் தெரிந்துவிடும்.

ஒரு காலத்தில் இதற்கு வைத்தியமே இல்லை என்றார்கள். 1991-ல் அமெரிக்க மருத்துவர்கள் கெல்லி, வெண்டல் இருவரும் 52 கண்களில் அறுவை சிகிச்சை செய்த முடிவை வெளியிட்டார்கள். 30 கண்களில் துளை மூடியிருந்தது. இன்று பத்தில் ஒன்பது பேருக்கு மூடுகிறது. ஆனால் துளை சின்னதாக, புதிதாக இருக்கும்போதே வரவேண்டும்.

கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூன்று நுண்துளை போட்டு ஜெல்லியை எடுக்கிறார்கள். துளையைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுக்குச் சாயம் ஏற்றி உரிக்கிறார்கள். துளை பெரிதென்றால், உரித்த சவ்வையே மடித்து மூடிபோல் போடுவதும் உண்டு. கடைசியாகக் கண்ணுக்குள் வாயு நிரப்புவார்கள்.

மீதி வேலை நம்முடையது. கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி எப்பவும் மேலேதானே போகும்? துளை இருப்பது கண்ணின் பின்சுவரில். குமிழி அங்கே போய் அழுத்தணும்னா முகம் கீழே பார்க்கணும். எத்தனை நாள் என்பதைத் துளையின் அளவைப் பார்த்து மருத்துவர் சொல்வார். கழுத்து வலிக்கும், அலுப்பா இருக்கும். வீட்டில் ஒருவர் கூடவே இருந்தால் நல்லது.

வாயு கரைய இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம். அதுவரை விமானப் பயணம் கூடாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கமும் போகக்கூடாது. உயரம் ஏறினால் வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறும், பார்வையே போகலாம். மலை ஊர்க்காரர்கள் அறுவை சிகிச்சைக்கு முன்பே, "எங்க வீடு மேலே இருக்கு"ன்னு மருத்துவரிடம் சொல்லிடுங்க. வாயுவுக்குப் பதில் சிலிகான் எண்ணெய் நிரப்பலாமா என்று அவர் முடிவு செய்வார். எண்ணெய் என்றால் அதை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை உண்டு. வாயு இருக்கும்போது வேறு அறுவை சிகிச்சை நேர்ந்தால் மயக்க மருந்து நிபுணரிடமும் மறக்காமல் சொல்லணும்.

பார்வை மெதுவாக, மாதக்கணக்கில் தேறும். பழையபடி முழுசா வரும்னு எல்லாருக்கும் உறுதி சொல்ல முடியாது. பிறகு புரை வளர்வதும் சகஜம்; அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது.

அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் காட்டுங்கள். 1819-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துட்டுப் போய், அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்க. எங்கே போவது என்ற சந்தேகத்துக்கு 104-ஐ அழைக்கலாம்.