குழவி குறுமனிதன் அன்று

50 கிலோ எடையுள்ளவருக்கு இவ்வளவு மருந்தெனின், 2 கிலோ எடையுள்ள குழவிக்கு எவ்வளவு? விகிதக் கணக்குப் பயின்ற மாணவன் எவனும் விடை கூறிவிடுவான். கணக்கிற் சரியான அவ்விடை உயிருக்குக் கேடாய் முடியலாம் என்பதை எனக்கு உணர்த்தியது, 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வாகும்.

பன்னீர்க்குடம் உடைந்து ஒரு நாளுக்கு மேற் சென்றபின் பிறந்த குறைமாதக் குழவிகளுக்குக் கிருமித் தொற்று நேராதிருக்க அங்கே மருந்து கொடுத்தனர். மருந்தெதுவும் பெறாத குழவிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இறந்தது. குளோரம்பெனிக்கோல் மட்டும் பெற்றவற்றுள் நூற்றுக்கு 60 இறந்தன. வயிறு உப்பி, மேனி சாம்பல் நிறமாகி, குருதியோட்டம் தளர்ந்து அவை மடிந்தன. காக்க வந்த மருந்தே காலனாயிற்று.

காரணம் யாது? வளர்ந்தோரின் ஈரல் அம்மருந்தைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து, நீரில் எளிதிற் கரையச் செய்து, சிறுநீரோடு வெளியேற விடுகின்றது. அதனைப் பிணைக்கும் நொதியம் பிறந்த குழவியில் மிகக் குறைவு. கருப்பையில் இருக்கும்வரை கழிவகற்றும் பணியிற் பெரும்பங்கைச் சூல்வித்தகத்தின் வழியே தாயுடல் ஆற்றிற்று. பிறந்த கணமே அத்துணை அறுந்துவிடுகின்றது. சிசுக்களிற் பலவற்றின் மேனி சில நாள் மஞ்சளிப்பதற்கும் இக்குடும்பத்தைச் சேர்ந்த நொதியமொன்றின் போதாமை ஒரு காரணமாகும்.

ஆயின், ஈரல் முழுவதும் உறங்குகின்றது என நாம் எண்ணலாகாது. பரசிற்றமோலைச் சல்பேற்றுடன் பிணைக்கும் ஆற்றல் பிறப்பிலேயே ஓரளவு அமைந்துள்ளது. கருவிற் பணியாற்றிய நொதியமொன்று பிறப்பின்பின் படிப்படியாக ஒடுங்க, வளர்ந்தோருக்குரிய நொதியம் அதனிடத்தில் எழுகின்றது. கோப்பியிலுள்ள கபேயினில் பாதி நம்முடலை விட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் போதும். பிறந்த குழவிக்கோ மூன்று நான்கு நாட்கள் வேண்டும். ஆனால் ஓரிரு வயதுக் குழந்தை, எடைக்கேற்ப நோக்கின், சில மருந்துகளைப் பெரியோரினும் விரைவாக அகற்றுகின்றது.

குளோரம்பெனிக்கோலைப் பொறுத்தவரை, வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் எனின், பிறந்து இரு வாரம் நிறையாத குழவிக்கு 25 மட்டுமே என்பது பின்னர் வழக்காயிற்று. அந்த லொஸ் ஏஞ்சலிஸ் குழவிகள் பெற்றதோ 100க்கும் மேல்.

தராசு எடையைத்தான் காட்டும். குழவி எத்தனை வாரம் கருவில் வளர்ந்தது, பிறந்து எத்தனை நாளாயிற்று என்பவற்றையும் அறிந்த பின்னரே மருத்துவர் மருந்தை அளத்தல் வேண்டும்.