நைனாவுக்கு ஒரு குட்டி யானை வீடு

பி.காம். படித்தவன் வெல்டிங் பட்டறையில் போய் நின்றால் என்ன ஆகும்? எனக்கு ஆனது: பதினெட்டாயிரம் ரூபாய் நஷ்டம், இடது கையில் ஒரு தீக்காயம், தெருவில் 'கூண்டு வண்டிக்காரன்' என்று ஒரு பட்டப்பெயர். மூன்றையும் வரவு வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஊர் ஆரணி. பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர். நைனா பன்னிரண்டு வயதில் குழித்தறியில் இறங்கியவர், அறுபத்தெட்டில்தான் ஏறினார். தறியில் உட்காரும்போது காலைக் குழிக்குள் தொங்கப் போட்டே பழக்கம். இப்போது சம்மணம் போட முடியாது, குந்த முடியாது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கோயில் ஊர் லாட்ஜில், தரையோடு தரையாக இருந்த கழிப்பறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் அரை மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் ரிசப்ஷனில் பில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன் (பி.காம்.!). அன்றிலிருந்து வெளியூர் என்றால், "வீட்டுக் கட்டிலுக்கு மேல கோயில் இல்லடா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

பிரச்னை என்னவென்றால், அம்மாவின் வேண்டுதல் ஒன்று பாக்கி. நைனாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், அவர் கையால் நெய்த புடவை ஒன்றைக் கன்னியாகுமரி அம்மனுக்குச் சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். கண் நன்றாகிவிட்டது. புடவையும் நெய்தாகிவிட்டது. அம்மாதான் இல்லை. அரக்கில் பச்சை பார்டர் போட்ட அந்தப் புடவை டிரங்குப் பெட்டியில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த நேரத்தில்தான் நாமக்கல் அருண் பிரபுவைப் பற்றிப் படித்தேன். ஞாபகம் இருக்கிறதா? ஒரு பழைய பஜாஜ் ஆட்டோவின் மேல் வீடு கட்டிய இளம் ஆர்க்கிடெக்ட். ஆறடிக்கு ஆறடி, மொத்தம் 36 சதுர அடி. அதற்குள் சமையல் இடம், கழிப்பறை, குளிக்கத் தொட்டி, படுக்கை, மேலே மொட்டை மாடி வேறு! உடைத்த பஸ், இடித்த கட்டடம் என்று பழைய சாமான்களை வைத்து ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாயில் முடித்தார். பெயர் 'சோலோ .01'. 600 வாட் சோலார், 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. போல்ட்டைக் கழற்றினால் வீடு தனி, ஆட்டோ தனி. 2021 பிப்ரவரியில் ஆனந்த் மகிந்திராவே ட்விட்டரில் பாராட்டி, பொலேரோ பிக்கப்பின் மேல் இதேபோல் ஒன்று செய்து தருவாரா என்று விசாரித்தார்.

நாடே மொட்டை மாடியைப் பார்த்து வாயைப் பிளந்தது. என் கணக்குப் புத்தி மட்டும் அந்த 250 லிட்டரில் போய் நின்றது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. தொட்டி நிரம்பினால் 250 கிலோ! நாலு பேரைத் தலைமேல் உட்கார வைத்து ஆட்டோ ஓட்டுவதற்குச் சமம். நின்ற இடத்தில் குடியிருக்க அது அருமையான வீடு. எனக்கு வேண்டியதோ எழுநூறு கிலோமீட்டர் ஓடுகிற வீடு.

மச்சானிடம் ஒரு குட்டி யானை இருந்தது. (டாடா ஏஸ் என்று சொன்னால் ஆரணியில் பாதிப் பேருக்குப் புரியாது.) சுமை மேடை ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். அதில் ஆறேகால் அடி உயரத்துக்கு அறை கட்டினால் நைனா நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் ஓடும்போது காற்று அந்தச் சுவரில் மோதும், வளைவில் வண்டி சாயப் பார்க்கும், புளிய மரக் கிளை கூரையைப் பதம் பார்க்கும். குறைந்த உயரத்தில் கட்டினால், பெற்றவரைத் தவழ்ந்து வரச் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு வழியை வெளிநாட்டில் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 1950-களில் அமெரிக்காவில் ஆர்.டி. ஹால் என்பவர் அலாஸ்கா நெடுஞ்சாலையில் பயணம் போவதற்காக ஒரு பெட்டி செய்தார். டிரங்குப் பெட்டிக்கு ஆழமான மூடி போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது மூடி கீழ்ப் பெட்டியைப் போர்த்திக்கொண்டு இறங்கி இருக்கும். நின்ற இடத்தில் மூடியை உயர்த்தினால் ஆள் நிற்கும் அறை. டெண்ட் மாதிரி துணிச் சுவர் கிடையாது. எல்லாம் கெட்டிச் சுவர். மழை, கொசு, நாய், திருடன் என்று சகலத்துக்கும் தாங்கும். பிறகு 'அலாஸ்கன்' என்ற பெயரில் அது விற்பனைக்கும் வந்தது.

"இதான்யா வேணும்!" என்று படத்தை எடுத்துக்கொண்டு ரைஸ் மில் வேலை பார்க்கும் ஒரு வெல்டர் அண்ணனிடம் ஓடினேன்.

அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், நெல்லு குடோனா?" என்றார்.

*

கட்டுவதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இதில் நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும், தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து விலகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூடியூப் புகழ் சகோதரர்கள் இருவரின் வேன் வீட்டையே கேரளத்து அதிகாரிகள் பிடித்து வைத்தார்கள். கேரவன் வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரவிதி இருக்கிறது. அதையெல்லாம் தாண்டி வர ஒரு கம்பெனிக்குத்தான் முடியும். என்னைப் போல ஆளுக்கு அல்ல.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். வண்டியில் ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது. வண்டி எப்போதும் போல் சரக்கு வண்டிதான். என் வீடு அதில் ஏறும் ஒரு பெரிய பெட்டி. மூட்டையைக் கட்டுவது போல வண்டியின் கொக்கிகளில் சங்கிலியும் டர்ன்பக்கிளும் போட்டு இறுக்க வேண்டியது. வந்ததும் மில் ஷெட்டின் உத்திரத்தில் செயின் பிளாக் மாட்டி இறக்கிவிட வேண்டியது. ஓடும்போது பெட்டிக்குள் ஒரு ஈ கூட உட்காரக் கூடாது. கேபினில் நான், பக்கத்தில் நைனா. அவ்வளவுதான்.

வெல்டர் அண்ணன் நல்லவர். அதுதான் ஆபத்து. ரைஸ் மில்லுக்கு அடிக்கும் அதே இரண்டங்குல ஆங்கிளில் கூண்டு அடித்து, 18 கேஜ் இரும்புத் தகடும் வைத்துவிட்டார். "நூறு வருசத்துக்கு நிக்கும் சார்!" நிற்கும். ஓடுமா? ஆரணியில் வே-பிரிட்ஜுக்கா பஞ்சம்? ஏற்றிப் பார்த்தோம். கட்டில், தண்ணீர், அடுப்பு எதுவும் இல்லாமல் வெறும் பெட்டி மட்டும் 410 கிலோ! வண்டி தாங்கும் சுமையே 700 சொச்சம். சீட்டைப் பார்த்த மச்சான் சொன்னார்: "மாப்ள, இது வீடு இல்ல. பேங்க் லாக்கர்."

அந்த ஆங்கிள் மீட்டருக்கு நாலரைக் கிலோ. ஒரு அங்குல ஸ்கொயர் டியூப் மீட்டருக்கு ஒரு கிலோ சொச்சம். இதை முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டியவன் நான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பிரித்து, பழைய இரும்பாக விற்று, கூலியும் போக நஷ்டம்தான் அந்தப் பதினெட்டாயிரம். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் லெட்ஜரைத் திறந்தேன். ரூபாய்க்குப் பதில் கிலோ. டியூப், ஏ.சி.பி. ஷீட், நடுவில் தெர்மாகோல், பிளைவுட் தரை எல்லாம் சேர்ந்து 170. கட்டிலும் அலமாரியும் 60. தண்ணீர் 60 (மூன்று கேன், அதுவும் தரையை ஒட்டி, கனம் கீழேயே இருக்க வேண்டும்). பேட்டரி, சோலார் பேனல் 35. அடுப்பு, சின்ன சிலிண்டர், பாத்திரம் 25. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கமோட் சேர், பக்கெட்டுடன் 10. படுக்கை, துணிமணி 30. மொத்தம் 390. கடைசி வரியில் 'நைனா 52' என்று எழுதினேன். "அவர் முன் சீட்லதானே வர்றாரு, அவரை எதுக்கு எழுதறீங்க?" என்றாள் மனைவி. அவரை விட்டுவிட்டுக் கணக்கு எழுத மனசு வரவில்லை.

மின்சாரமும் கணக்குதான். 12 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் பேட்டரியில் 1,200 வாட்-அவருக்கு மேல் நிற்கும். 30 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 240. இரண்டு விளக்கு, போன் சார்ஜ் சேர்த்தாலும் ராத்திரிக்கு 350 தாண்டாது. மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். ஏ.சி. கேட்ட மச்சானை லெட்ஜரைக் காட்டியே வாயடைத்தேன். சமையல் மட்டும் வெளியே, வண்டி நிழலில். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். ஏழடிப் பெட்டிக்குள் அந்த விளையாட்டு வேண்டாம். தரையோரம் இரண்டு காற்றுத் துவாரமும் வைத்தோம்.

*

எல்லாம் முடிந்தது. கூரைதான் ஏறவில்லை.

நாலு மூலைக்கும் நாலு கை வின்ச். நான், வெல்டர் அண்ணன், அவர் உதவியாள், மச்சான். "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று சுற்றினோம். அரையடி ஏறியதும் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். மச்சான் பக்கம் இரண்டு அங்குலம் முன்னால் போய்விட்டது. கோணலாக இழுத்த மேஜை டிராயர் எப்படிச் சிக்குமோ அப்படி மூடி மொத்தமும் சிக்கிக்கொண்டது. இறக்கி, மூலைகளில் நைலான் கட்டை வைத்து, கிரீஸ் தடவி மறுபடி சுற்றினோம். மறுபடி 'கிர்ர்ர்'. என் பக்கம்.

இத்தனை நாளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத நைனா அன்று வாசல் திண்ணையில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது 'கிர்ர்ர்'க்கு அவரால் தாங்க முடியவில்லை.

"டேய், நாலு ஆளு இழுத்தா நாலு மனசு. ஜக்கார்டுல நூத்துக்கணக்குல நூலு ஏறுதே, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளா நிக்கறான்? எல்லாத்தையும் ஒரே சட்டத்துல சேர்த்து ஒரே மிதியில தூக்கறோம்ல? நாலு கயித்தையும் கொண்டாந்து ஒரே எடத்துல கட்டு. ஒரே கை இழுக்கட்டும்."

வெல்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். மூன்று வின்ச்சின் விலை என் கண் முன்னால் ஓடியது.

மூடியின் நாலு கீழ் மூலையிலிருந்தும் வயர் ரோப் கிளம்பி, கீழ்ப் பெட்டியின் மேல் விளிம்பில் உள்ள கப்பியில் ஏறி, உள்ளே இறங்கி, ஒரே இரும்புத் தகட்டில் வந்து சேர்ந்தது. அந்தத் தகட்டை ஒரே ஒரு வின்ச் இழுத்தது. ஒவ்வொரு ரோப்பிலும் ஒரு டர்ன்பக்கிள். எந்த மூலை பின்தங்குகிறதோ அதை அரைச் சுற்று இறுக்க வேண்டும். அந்த வேலையை நைனா யாருக்கும் கொடுக்கவில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ரோப்பையும் விரலால் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, இரண்டு மணி நேரம் முறுக்கினார். அறுந்த பாவு நூலை முடிகிற அதே முகம்.

அப்புறம் வின்ச்சை நான்தான் சுற்றினேன். கூரை சத்தமில்லாமல் ஏறியது. சும்மா... தேர் அசைகிற மாதிரி! ஏறியதும் நாலு மூலையிலும் பைப்பைக் கொடுத்து ஆணி போட்டுவிட வேண்டும். ராத்திரி பூராவும் கயிற்றை நம்பித் தலைக்கு மேல் 80 கிலோவைத் தொங்கவிட்டுத் தூங்க முடியாது பாருங்கள்.

மொத்தச் செலவு, நஷ்டம் உட்பட, 1,62,000. அலுவலக நண்பர் ஒருவர், "இந்தக் காசுக்குப் பத்து தடவை நல்ல ஓட்டல்லயே தங்கலாமே" என்றார். வாஸ்தவம்தான். நைனாவிடம் அவர் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

*

வெள்ளோட்டம் படவேடு. கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம். அந்தக் காலத்தில் ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாளைப் பார்க்க மாட்டு வண்டி கட்டிப் போய், பொங்கல் வைத்து, வண்டிக்கு அடியிலேயே படுத்துவிட்டு வருவார்களாம். "இது மட்டும் இன்னா புதுசா?" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார் நைனா.

ஒரு தெரிந்தவரின் மாந்தோப்பில் அனுமதி கேட்டு நிறுத்தினோம். கூரையை ஏற்றினேன். நைனா பின்பக்கப் படியில் ஏறி, உள்ளே நிமிர்ந்து நின்று, கையை உயர்த்திக் கூரையைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கமோட் சேரைப் பார்த்து மட்டும், "மூடி இருக்குதா?" என்றார். இருந்தது.

ராத்திரி நான் தூங்கவில்லை. புது வீட்டில் எந்தச் சத்தம் எதனுடையது என்று தெரியாது. நைனா குறட்டை விட்டுத் தூங்கினார்.

விழித்தபோது கட்டிலில் அவர் இல்லை. பதறி எழுந்து பார்த்தால், மணி நாலரை. வழக்கமாகத் தறிக்கு இறங்கும் நேரம். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தறிக் குழியில் உட்காருவது போலவே வண்டி விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பேனாக்கத்தி டார்ச். டர்ன்பக்கிள் ஒன்றை விரலால் சுண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா?"

"மூணாவது கயிறு தொய்யுதுடா. கன்னியாகுமரி போறதுக்குள்ள மாத்திடு."