பைனஸ் கன்றும் தாய்க்காட்டு மண்ணும்

பதுளையிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை என்று ஏறும் பாதையெங்கும் பைனஸ் காடுகள். அவை வந்தபிறகுதான் பீலியில் தண்ணீர் குறைந்துபோனதாகத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். மத்திய அமெரிக்காவின் மரத்தை 1970, 80களில் கைவிடப்பட்ட தேயிலை மலைகளிலும் புல்வெளிகளிலும் வேறு மரமே கலக்காமல் நட்டார்கள். கோடையில் காய்ந்த ஊசியிலைச் சருகில் தீப்பொறி விழுந்தால் மலையே எரிகிறது. கோபம் நியாயமானது.

ஆனால் அது காட்டை நட்ட விதத்தின் மேல் வரவேண்டிய கோபம். பாதையோர மண்மேட்டில் தானாக முளைத்து, துப்புரவுக் கத்திக்குக் காத்திருக்கும் கன்றின் மேல் அல்ல. அதை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாம்.

ஒரு முழத்துக்கு உட்பட்ட கன்றாகப் பாருங்கள். பிடித்து இழுத்தால் ஆணிவேர் அறும். சுற்றிலும் ஆழமாக மண்வெட்டி இறக்கி, மண்கட்டியோடு தூக்க வேண்டும். அந்த மண்ணை உதறிவிடாதீர்கள். நுனிவேர்கள் கவட்டைபோல் பிரிந்து, வெண்ணிறப் பூஞ்சை போர்த்தியிருப்பது தெரியும். மண்ணின் சத்தையும் நீரையும் கன்றுக்கு எடுத்துக் கொடுப்பது அந்தப் பூஞ்சைதான். போர்ட்டோ ரிக்கோ தீவில் 1950களில் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலக்கும்வரை, நட்ட கன்றுகள் வெளிறிக் குன்றின. எனவே தாய்மரத்தடி மண்ணையும் ஒரு வாளி அள்ளி வந்து குழியில் போடுங்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும், நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் நடுங்கள். தேயிலைபோல் கவ்வாத்து வெட்டினால் இது அடியிலிருந்து துளிர்க்காது. குருத்தை ஆடு கடிக்காமல் வேலி வேண்டும். பிடித்துக்கொண்டால் ஆண்டுக்கு ஆளுயரம்கூட ஏறும். இருபது மீற்றரைத் தாண்டும் மரம் என்பதால் லயத்தை ஒட்டியோ அதற்கு மேற்புறச் சரிவிலோ நடவே கூடாது. சரிவு பெயரக்கூடிய மலைகளில் நாம் வாழ்கிறோம்.

மரம் பெரிதானால் அடியில் எதுவும் வளராது என்பது முழு உண்மையல்ல. சிங்கராஜ வன ஓரத்துப் பைன் தோப்பில் பேராசிரியர்கள் நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியும் அமெரிக்க ஆய்வாளர் மார்க் ஆஷ்டனும் 1990களில் உள்நாட்டு மழைக்காட்டு மரங்களை நட்டனர். பைன் வரிசைகளை வெட்டி வெளிச்சம் விட்ட இடங்களில் அவை செழித்தன. பைன் அங்கே செவிலித்தாயானது.

வீட்டுத் தோட்டத்திலும் அதைச் செய்யலாம். சருகை அடிக்கடி கூட்டி அள்ளுங்கள். அடிக்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுங்கள். பிறகு, பக்கத்தில் ஒரு கித்துளும் ஒரு பலாவும் நட்டுவிடுங்கள்.