எட்டாவது கோல்

செல்சி: 22 ஆட்டம், 18 வெற்றி, 1 சமநிலை, 3 தோல்வி, 55 புள்ளி.

மென்செஸ்டர் சிட்டி: 22 ஆட்டம், 18 வெற்றி, 1 சமநிலை, 3 தோல்வி, 55 புள்ளி.

அச்சுப் பிழை இல்லை. இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீக், 2023-24 சீசனில் இப்படித்தான் முடிந்தது. எட்டு மாதம் ஆடி, இரண்டு குழுக்களும் ஒரே இடத்தில் வந்து நின்றன. வெற்றியாளரைத் தீர்மானித்தது கோல் வேறுபாடு. செல்சிக்கு 53, சிட்டிக்கு 46. ஏழு கோல்தான் இடைவெளி.

அந்தச் சீசனை நான் முதல் வாரத்திலிருந்தே பார்த்தேன். அதற்குக் காரணம் என் அண்ணன் மகள். பதின்மூன்று வயது, பள்ளிக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரி. இங்கிலாந்து ஆட்டங்கள் நம் நேரத்துக்கு இரவில்தான் வரும். இரவில் தனியாகக் கைப்பேசியோடு உட்கார அண்ணி விடமாட்டார். பெரியவர் யாராவது கூட இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அந்தப் பெரியவராக நான் மாட்டிக்கொண்டேன்.

ஆண்கள் பிரிமியர் லீக் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அண்ணன் லிவர்பூல் பைத்தியம். கிள்ளானில் எந்த மாமாக் கடைக்குப் போனாலும் வார இறுதியில் பெரிய திரையும் தே தாரேக்கும் கூச்சலும் இருக்கும். ஆனால் அதே கிளப்புகளுக்குப் பெண்கள் குழுவும் உண்டு, அவர்களுக்கும் ஒரு லீக் உண்டு என்பது எங்களில் பலருக்குச் செய்தியாகவே வந்து சேர்ந்ததில்லை. எனக்கும்தான்.

நூறு ஆண்டுக் கணக்கு

2023 அக்டோபர் 1. சீசனின் முதல் நாள். அர்செனலின் எமிரேட்ஸ் அரங்கில் அர்செனலும் லிவர்பூலும் மோதின. வந்த கூட்டம் 54,115 பேர். லீக்கில் அதுவரை காணாத எண்ணிக்கை. அர்செனல் 0-1 எனத் தோற்றது.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1920ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூலில் உள்ள குடிசன் பார்க் அரங்கில் டிக் கெர் லேடீஸ் என்ற குழுவின் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். பிரஸ்டன் நகரில், போர்க்காலத்தில் ஆயுதம் செய்த தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தொடங்கிய குழு அது. போரில் காயமடைந்தவர்களுக்காக நிதி திரட்ட ஆடினார்கள். அடுத்த ஆண்டே, 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்து காற்பந்துச் சங்கம் தடை போட்டது. காற்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் எதுவும் தங்கள் திடலைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது என்றது. அந்தத் தடை ஏறக்குறைய 50 ஆண்டுகள் நீடித்தது.

2011இல் சூப்பர் லீக் தொடங்கியபோது முதல் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,510 பேர். பெண்கள் லீக் ஆட்டம் ஒன்று அந்த 1920 கூட்டத்தைத் தாண்ட 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே சீசனில், 2024 பிப்ரவரி 17 அன்று, அர்செனலும் மென்செஸ்டர் யுனைடெட்டும் மோதியபோது எமிரேட்ஸில் ஒரு டிக்கெட்டும் மிச்சமில்லை. 60,160 பேர்.

என் பள்ளிக் காலத்தில் யாரும் தடைச் சட்டம் எதுவும் எழுதவில்லை. மாலையானால் திடல் பையன்களுக்கு, ஓரம் எங்களுக்கு. வலைப்பந்து ஆடலாம், கைதட்டலாம். பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தால் கையால் எடுத்துக் கொடுப்போம். காலால் உதைத்துக் கொடுக்க யாருக்கும் தோன்றியதில்லை.

96ஆவது நிமிடம்

அண்ணன் மகள் சிட்டி பக்கம். அவளுக்குப் பிடித்தவர் ஜமைக்காவைச் சேர்ந்த கடிஜா 'பன்னி' ஷா. அந்தச் சீசனில் 21 கோல்கள் போட்டு லீக்கிலேயே முதலிடம் பிடித்தவர். எனக்குச் செல்சியின் பயிற்றுநர் எம்மா ஹேய்ஸைப் பிடித்துவிட்டது. 2012இல் செல்சிக்கு வந்தவர். இந்தச் சீசனோடு விலகி அமெரிக்காவின் தேசியக் குழுவுக்குப் போகிறார் என்ற செய்தி நவம்பரிலேயே வந்துவிட்டது. ஆக, வீட்டுக்குள் இரண்டு கட்சி.

முதல் சண்டை அக்டோபர் 8 அன்று நடந்தது. சிட்டியின் சொந்தத் திடலில் க்ளோயி கெல்லி கோல் போட்டு சிட்டியை முன்னே வைத்தார். முற்பாதியிலேயே சிட்டியின் அலெக்ஸ் கிரீன்வுட் சிவப்பு அட்டை வாங்கினார். பிற்பாதியில் லாரன் ஹெம்ப்புக்கும் சிவப்பு அட்டை. ஒன்பது பேரோடு சிட்டி தாக்குப் பிடித்தது. 96ஆவது நிமிடத்தில் செல்சியின் குரோ ரெய்டன் பந்தை வலைக்குள் தள்ளினார். 1-1.

"ஒரு புள்ளிதானே, போகட்டும்லா" என்று நான்தான் அவளைத் தேற்றினேன். சீசன் முடிந்த பிறகுதான் அந்த ஒரு புள்ளியின் விலை தெரிந்தது. அந்தக் கோல் விழாமல் இருந்திருந்தால் சிட்டிக்கு 57, செல்சிக்கு 54. பேச்சுக்கே இடமில்லை.

செல்சிக்கும் அடி விழாமலில்லை. டிசம்பரில் அர்செனலிடம் 1-4 எனத் தோற்றது. ஜனவரியில் அதன் முன்னணித் தாக்குதல் ஆட்டக்காரர் சாம் கெர் பயிற்சி முகாமில் முழங்கால் தசைநார் அறுந்து சீசனையே இழந்தார். அந்த மாதமே கொலம்பியாவின் மய்ரா ராமிரெஸை ஸ்பெயினிலிருந்து வாங்கி வந்தது செல்சி. பிப்ரவரியில் சிட்டி செல்சியின் திடலுக்கே போய் 1-0 என வென்றது. கோல் போட்டவர் பன்னி ஷா. அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருத்திக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரே மாதத்தில் நான்கு அடி

மார்ச் 31: லீக் கிண்ண இறுதியாட்டத்தில் அர்செனலிடம் செல்சி தோல்வி. ஏப்ரல் 14: எஃப்.ஏ. கிண்ண அரையிறுதியில் மென்செஸ்டர் யுனைடெட்டிடம் தோல்வி. ஏப்ரல் 27: சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவிடம் தோல்வி. மே 1: லீக்கில் லிவர்பூலிடம் 3-4. காயத்துக்கான கூடுதல் நேரத்தில் விழுந்த கோல்.

அந்த ஆட்டம் முடிந்ததும் ஹேய்ஸ், லீக் பட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார். கணக்கும் அதைத்தான் சொன்னது. சிட்டி 20 ஆட்டத்தில் 52 புள்ளி. செல்சி 19 ஆட்டத்தில் 46. கோல் வேறுபாட்டிலும் சிட்டி எட்டு கோல் முன்னால் இருந்தது.

அடுத்து வந்த ஞாயிறு, மே 5. சிட்டி சொந்தத் திடலில் அர்செனலை எதிர்த்து ஆடியது. காயத்தால் பன்னி ஷா இல்லை. ஆனாலும் 1-0 என முன்னிலை. 89ஆவது நிமிடத்தில், மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த ஸ்டினா பிளாக்ஸ்டீனியஸ் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் அவரே இன்னொன்றும் போட்டார். 1-2. அண்ணன் மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதே நாளில் செல்சி, ஏற்கனவே கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டிருந்த பிரிஸ்டல் சிட்டியைச் சந்தித்தது. நான்கு, ஐந்து, ஆறு என்று கோல்கள் போய்க்கொண்டே இருந்தன.

"வின் பண்ணியாச்சுல்ல அத்தை, இன்னும் எதுக்கு ஓடுறாங்க?"

எனக்கும் அதே கேள்விதான். ஆட்டம் 8-0 என முடிந்தது. ஒரே நாளில் கோல் வேறுபாடு ஒன்பது கோல் நகர்ந்து, செல்சி 46, சிட்டி 45 என்றாகிவிட்டது.

மே 15 அன்று, கையிலிருந்த கூடுதல் ஆட்டத்தில் தோட்டன்ஹம்மை 1-0 என வென்றது செல்சி. ஜப்பானின் மைக்கா ஹமானோ போட்ட கோல். இப்போது இருவருக்கும் 52 புள்ளி. வேறுபாடு 47, 45. பிரிஸ்டலுக்கு எதிரான ஏழாவது கோலும் எட்டாவது கோலும் விழாதிருந்தால், கடைசி நாளில் இருவரும் அந்தக் கணக்கிலும் சமமாக நின்றிருப்பார்கள். ஏன் ஓடினார்கள் என்ற கேள்விக்குப் பத்து நாள் கழித்துப் பதில் வந்தது.

மே 18, சனிக்கிழமை, நம் நேரம் இரவு 10 மணி. இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில். என் கைப்பேசியில் செல்சி, அவள் கைப்பேசியில் சிட்டி. ஓல்டு டிராஃபர்டில் இரண்டாவது நிமிடத்திலேயே ராமிரெஸ் தலையால் முட்டிக் கோல் போட்டார். இடைவேளைக்குள் 4-0. ஆறாவது கோல் ஃபிரான் கெர்பி போட்டது. செல்சிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது. சிட்டி ஆஸ்டன் வில்லாவை 2-1 என வென்றது. வென்றும் கிண்ணம் இல்லை. செல்சிக்குத் தொடர்ந்து ஐந்தாவது பட்டம், ஹேய்ஸுக்கு மொத்தம் ஏழாவது. மூன்று மாதம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கமும் வாங்கிக் கொடுத்தார்.

இது நியாயமா?

அவள் மறுநாள் காலை கேட்ட கேள்வி இது. "ரெண்டு தடவை ஆடினோம். ஒண்ணு டிரா, ஒண்ணு நாங்க ஜெயிச்சோம். அப்புறம் எப்படி அவங்க சாம்பியன்?"

கேள்வியில் நியாயம் உண்டு. ஸ்பெயினின் லா லீகாவில் புள்ளிகள் சமமானால், அந்த இரு குழுக்களும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்த விதிப்படி கிண்ணம் சிட்டிக்கே போயிருக்கும். இங்கிலாந்தில் கோல் வேறுபாடுதான் முதல் அளவுகோல். அந்த விதி எல்லாருக்கும் முதல் நாளே தெரியும்.

என் மனத்தை உறுத்தியது வேறொன்று. பிரிஸ்டல் சிட்டி முழுச் சீசனிலும் எடுத்தது 6 புள்ளி. பணமுள்ள கிளப்புக்கும் இல்லாத கிளப்புக்கும் இடையே அவ்வளவு தூரம். பட்டம் யாருக்கு என்பதில், அடிமட்டக் குழுவை யார் அதிகமாக அடித்தார்கள் என்பதும் சேர்ந்துகொள்வது லீக்குக்குப் பெருமையான விஷயமல்ல. அரங்கம் நிறைந்துவிட்டது என்று மகிழும்போதே இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் அந்தச் சீசன் எங்கள் வீட்டில் ஒன்றை மாற்றியது. சில வாரங்கள் கழித்து அவளுடைய பள்ளி ஆட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் பிள்ளைகள் 0-4 எனத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். வெயிலில் பாதிப் பேர் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். எதிர்க்குழுப் பெண் ஒருத்தி தனியாகப் பந்தைக் கொண்டு வர, இவள் பாதித் திடலைத் துரத்தி ஓடிப்போய்ச் சறுக்கி விழுந்து பந்தை வெளியே தட்டினாள். முழங்காலில் சிராய்ப்பு.

ஆட்டம் முடிந்து, காயத்தைக் கழுவத் தண்ணீர் ஊற்றியபோது, "தோத்தாச்சு, அப்புறம் ஏன்மா இப்படி விழுந்து அடிபட்டுக்கணும்?" என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு மேட்ச் இருக்கு அத்தை" என்றாள்.