முன்வரிசையில் தொடங்கும் தடுப்பு

கால்பந்து ஆட்டம் தொடங்குமுன் தொலைக்காட்சியில் 4-3-3, 4-2-3-1 என்று எண்களைக் காட்டுவார்கள் அல்லவா? 4-3-3 என்றால் பின்னால் நான்கு டிஃபெண்டர்கள், நடுவில் மூவர், முன்னால் மூவர் என்று படிக்க வேண்டும். கோல்கீப்பர் இந்தக் கணக்கில் வரமாட்டார். ஃபார்வர்டுகள் மூன்று பேர் என்றதும் ‘தாக்கி ஆடும் அணி’ என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். எனக்கு அந்த எண்களில் பெரிய நம்பிக்கை இல்லை. பந்து பறிபோன அடுத்த சில நொடிகளில் அந்த மூவர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அணியின் குணம் அங்கேதான் தெரியும்.

பந்தை இழந்ததும் பின்வாங்கித் தங்கள் கோலைக் காப்பது ஒரு வழி. பின்வாங்காமல் எதிரணியின் பாதியிலேயே நெருக்கிப் பறிப்பது இன்னொரு வழி. அதுதான் ஹை பிரஸ். பயிற்சியாளர் ரீனஸ் மிக்கல்ஸின் நெதர்லாந்து அணி 1974 உலகக் கோப்பையிலேயே இதைக் காட்டிவிட்டது. 1992இல் வந்த ஒரு விதி இதற்குப் புதுத் தெம்பு தந்தது: சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் அனுப்பும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது. அதற்கு முன்பெல்லாம் நெருக்கடி வந்தால் கீப்பரிடம் தட்டிவிட்டு மூச்சு வாங்கலாம். அந்தப் புகலிடம் போயிற்று.

பயிற்சியாளர் யூர்கன் க்ளாப் 2015 அக்டோபரில் லிவர்பூலுக்கு வந்தபின் உருவான அணியை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கம் சாலா, இடப்பக்கம் மானே, நடுவில் ஃபிர்மினோ. நடுவில் இருப்பவர்தானே எதிரணியின் நடு டிஃபெண்டர்கள் மேல் பாய வேண்டும்? இங்கே பெரும்பாலும் ஃபிர்மினோ எதிரணி மிட்ஃபீல்டருக்குப் போகும் பாதையை மறைத்து நிற்பார். சாலாவும் மானேயும் ஓரத்திலிருந்து உள்நோக்கி வளைந்து ஓடுவார்கள். அப்படி ஓடும்போது ஓர டிஃபெண்டரான ஃபுல்பேக்குக்குப் போகும் பாஸ் அவர்கள் முதுகுக்குப் பின்னால் அடைபட்டுவிடும். பந்து வைத்திருப்பவருக்கு மிச்சமிருப்பது நடுவழி. அங்கே மூன்று மிட்ஃபீல்டர்கள் காத்திருப்பார்கள்.

இதில் ஒருவர் மட்டும் ஓடிப் பயனில்லை. கபடியில் பாடி வருபவர் மேல் தனியாளாகப் பாய்ந்து கோட்டைவிடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்து மூடினால்தான் பிடி விழும். எப்போது பாய்வது என்பதற்கும் அடையாளங்கள் உண்டு: டிஃபெண்டர் தன் கோலைப் பார்த்துத் திரும்பி நின்று பந்தை வாங்கும்போது, முதல் தொடுதலில் பந்து காலைவிட்டு விலகும்போது, பாஸ் மெதுவாக உருளும்போது.

2019 மே 7 அன்று லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் பார்சிலோனா இதில் மாட்டிக்கொண்டது. இரண்டு ஆட்டங்கள் கொண்ட சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் 3-0 என்று வென்றிருந்த அணி அது. லிவர்பூலில் சாலாவும் இல்லை, ஃபிர்மினோவும் இல்லை. ஏழாவது நிமிடத்தில் பார்சிலோனாவின் ஜோர்டி ஆல்பா தலையால் பின்னோக்கித் தட்டிய பந்தை மானே கைப்பற்றினார். ஹெண்டர்சன் அடித்ததைக் கீப்பர் தடுக்க, ஒரிகி கோலாக்கினார். இடைவேளைக்குப் பின் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் பந்தை இழந்தார். இழந்த வேகத்திலேயே அதே ஆல்பாவிடமிருந்து பறித்துக் கோல்முன் அனுப்பினார், வைனால்டம் அடித்தார். முடிவு 4-0. பந்தைப் பறித்த கணத்தில் எதிரணி கலைந்து கிடக்கும், கோலும் பக்கத்தில் இருக்கும். அதனால்தான் எந்தப் பிளேமேக்கரையும்விட இப்படிப் பறிப்பது பெரிது என்று க்ளாப் சொல்லிவந்தார்.

விலையும் உண்டு. முன்வரிசை ஏறினால் பின்வரிசையும் நடுக்கோடு வரை ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் இடையில் பெரிய வெளி விழும். ஏறினாலோ முதுகுக்குப் பின்னால் வெட்டவெளி. 2020 அக்டோபர் 4 அன்று நடப்புச் சாம்பியனான அதே லிவர்பூல், ஆஸ்டன் வில்லாவிடம் 7-2 என்று தோற்றது. கீப்பர் அலிசன் காயத்தால் ஆடவில்லை. பந்து வைத்திருந்தவர் மேல் நெருக்கடி இல்லாமலே பின்வரிசை மேலேறி நின்றது. வில்லா அந்த வெளியில் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த ஆட்டத்தில் ஒரு பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு, அதை இழந்த அணியின் ஃபார்வர்டுகளை மட்டும் பாருங்கள். ஒருவர் ஓட மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்த்தால், திரையில் 4-3-3 என்று போட்டிருந்தாலும் அது பிரஸ் ஆடும் அணி இல்லை.