பிராணாயாமத்து மாத்திரையளவு

திருமூல நாயனார் அருளிய திருமந்திரம் ஒன்பது தந்திரங்களையுடையது. அவற்றுள் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கும். இயம நியம ஆதனங்களின் பின் அங்கு வைக்கப்பெற்றது பிராணாயாமம். இடகலை வழியே 16 மாத்திரை உள்ளிழுத்தல் பூரகம். 64 மாத்திரை அடக்கி நிறுத்தல் கும்பகம். பிங்கலை வழியே 32 மாத்திரை வெளிவிடுதல் இரேசகம். இவ்வளவில் மாறுதல் ஆகாதென்பதும் ஆண்டே சுட்டப்பெற்றது.

இவ்வெண்களை மனப்பாடஞ் செய்த பலரும் மாத்திரையாவது யாதென ஆராய்கின்றிலர். கடிகாரத்து ஒரு செகண்டே மாத்திரையெனக் கொண்டு பழகப் புகுகின்றனர். அங்ஙனங் கொள்ளின் ஒரு சுற்றுக்கு 112 செகண்டு செல்லும். கும்பகம் ஒன்றே ஒரு நிமிடத்தைக் கடக்கும். நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை இயல்பாக உயிர்ப்பவர் முதனாளிலேயே இதனை முயல்வது படியின்றி மாடியேறப் புகுதலை ஒக்கும். இருதய நோயும் மிக்க குருதியழுத்தமும் உடையார்க்கு இது தீங்காதலும் கூடும்.

தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்துள் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் மாத்திரைக்கு அளவாகக் கூறினார். இமைத்தல் ஒரு செகண்டிற் பாதியினும் குறைந்த காலத்தது. அவ்வளவு கொள்ளின் 112 மாத்திரையும் ஒரு நிமிடத்துள் அடங்கும். யோகதத்துவ உபநிடதமோ, விரைவும் தாழ்வுமின்றி முழந்தாளைக் கையாற் சுற்றி ஒருமுறை நொடிக்குங் காலத்தை மாத்திரை என்னும். அது முன்னையதினும் நெடிது. எழுத்தொலிக்கு உரிய அளவை யோகத்திற்குக் கொள்ளலாமோவெனின், மந்திரத்தை எண்ணியே பூரக முதலியவற்றை அளக்கும் வழக்குண்மையின் அதனைப் பொருந்தாதென ஒதுக்குதல் இயலாது. மாணாக்கனது வயதும் உடல்நிலையும் நோக்கி அளவைத் துணிந்து தருபவர் ஆசிரியரே. ஏடு எண்ணை மாத்திரம் தரும்.

மந்திரவோசையால் உயிர்ப்பு அளவுபடுதலை மேனாட்டாரும் சோதித்தறிந்தனர். 2001ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் சிலர் 23 பேரை இலத்தீன் மொழிச் செபமாலையையும் பௌத்த மந்திரம் ஒன்றையும் ஓதுவித்து ஆராய்ந்தனர். இரண்டினாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகத் தாழ்ந்தது. குருதியழுத்தத்தைச் சமன்செய்யும் உடலின் திறம் மிகுந்தது. அம்முடிபு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. மூச்சு மெல்லெனச் செல்ல இருதயத்தின் விரைவு தணியும். மனத்தின் பதற்றமும் உடன் தணியும்.

இவ்வளவே யோகப்பயன் என்று சிலர் நின்றுவிடுவர். வேறு சிலர் மூச்சடங்கவே வீடு வந்ததென்பர். இரண்டும் சித்தாந்தத்துக்கு ஒவ்வா. உடம்பும் மனமும் மாயையின் காரியமாகிய சடப்பொருள்கள். அவற்றை அடக்குதலால் அநாதியே உயிரைப் பற்றிய ஆணவம் நீங்காது. அதனை நீக்குவது திருவருளே. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் யோகத்தின் பேறு சாரூபம். சாயுச்சியம் ஞானத்திற்கே உரியது.

அங்ஙனமாயின் யோகம் வேண்டாவோவெனின், வேண்டும். உடம்பை இழுக்கென்று முன்னர் எண்ணியிருந்த திருமூலரே, உத்தமன் அதனுட் கோயில்கொண்டமை கண்டு அதனை ஓம்பலானார். அலைகின்ற மனத்தால் ஐந்தெழுத்தைக் கணித்தலும் அரிது. இதுபற்றியே சிவபூசையில் பூதசுத்தியோடு பிராணாயாமமும் விதிக்கப்பட்டது. இக்காலத்து அது பெரும்பாலும் மூக்கை விரைந்து தொட்டுவிடும் அளவிற்றாயிற்று.