சுலைமானிய்யாவின் வண்ணச் சாளரங்கள்

பள்ளிவாசலைப் புதுப்பிக்க முனைந்த ஜமாஅத்தார் சிலர் நம்மை அணுகி, கிப்லாச் சுவரில் வண்ணக் கண்ணாடி பதிக்கலாமா என்று வினவினர். அது கிறிஸ்தவ ஆலயங்களைப் பின்பற்றுவதாகி விடுமோ என்பது அவர்களுள் ஒரு சாராரின் ஐயம். நம் நினைவுக்கு உடனே வந்தது இஸ்தான்புல் நகரின் சுலைமானிய்யா பள்ளிவாசல்.

உஸ்மானிய சுல்தான் சுலைமானுக்காகக் கட்டடக் கலைஞர் சினான் 1550 முதல் 1557 வரை எழுப்பிய பள்ளி அது. அதன் எழுத்தணிகள் அஹ்மத் கராஹிஸாரியும் அவர்தம் மாணவர் ஹஸன் செலபியும் தீட்டியவை. கிப்லாச் சுவரின் வண்ணச் சாளரங்களோ இப்ராஹீம் என்னும் கைவினைஞருடையவை எனப்படுகின்றன. வரலாறு அவரை 'ஸர்கோஷ் இப்ராஹீம்' என்றே குறிக்கிறது. 'குடிகாரர்' என்பது அதன் பொருள்! பட்டத்தைக் கண்டு முகஞ்சுளிப்போர் சுளிக்கட்டும். பூங்கொடிகளும் அறபு எழுத்துகளும் ஒளியாக இறங்கும் அச்சுவரை நோக்கித்தான் தலைமுறை தலைமுறையாக மக்கள் தொழுது வருகின்றனர். அப்பள்ளியின் சுவரோவியங்களுக்கு அந்நிலை வாய்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஃபொஸ்ஸாட்டி சகோதரர்கள் அவற்றை ஐரோப்பியப் பாணியில் மாற்றி வரைந்தனர்.

இச்சாளரம் ஐரோப்பியச் சாளரத்தின் நகலன்று, செய்முறையே வேறு. அங்கே கண்ணாடித் துண்டுகளின்மீது மனித உருவங்களைத் தீட்டி, அவற்றை ஈயப் பட்டைகளால் இணைப்பர். இங்கோ மரச்சட்டத்துள் ஜிப்ஸச் சாந்தை வார்த்துப் பலகையாக்கி, அதன்மேல் கோலத்தை வரைந்து, ஊடுருவும் துளைகளாகச் செதுக்கி, பின்புறத்தில் சிறு சிறு கண்ணாடிகளை மீண்டும் சாந்தாலேயே ஒட்டுவர். துளைகளை நேராக வெட்டாமல் கீழ்நோக்கிச் சாய்த்து வெட்டுவதில்தான் நுட்பமே இருக்கிறது. உயரத்திலிருக்கும் சாளரத்தின் வண்ணம் அப்போதுதான் கீழே நிற்பவரின் கண்ணுக்கு முழுமையாக எட்டும். ஜிப்ஸம் ஈரத்தைத் தாங்காது. ஆகவே வெளிப்புறத்தில் வட்டக் கண்ணாடிகளாலான மற்றொரு சாளரம் காப்பாக நிற்கும். அவ்வட்டங்களைத் துருக்கியர் 'யானைக்கண்' என அழைப்பது எத்துணைப் பொருத்தம்!

அறபு நாடுகளில் இவ்வகைச் சாளரத்திற்கு ஷம்ஸிய்யா, கமரிய்யா என இரு பெயர்கள் வழங்குகின்றன. ஷம்ஸ் சூரியன், கமர் சந்திரன். அறபு எழுத்துகளையும் ஷம்ஸீ, கமரீ என்றே பிரித்துப் பாடம் நடத்தும் நமக்கு இப்பெயர்களில் தனி இன்பம் உண்டு.

இனி மார்க்கச் சட்டத்திற்கு வருவோம். மஸ்ஜிதுந் நபவியைப் புதுப்பிக்கையில் கலீஃபா உமர் (ரலி), மக்களை மழையிலிருந்து காத்தாற் போதும், சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்களைச் சோதனைக்குள்ளாக்க வேண்டாம் எனப் பணித்ததாக இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார். உஸ்மானியர் பின்பற்றிய ஹனஃபீ மத்ஹபின் நூல்கள் பள்ளியை அழகுபடுத்துவதை அனுமதிப்பினும் இரு வரம்புகளை இடுகின்றன. மிஹ்ராபு விலக்கப்பட வேண்டும். அது தொழுபவரின் கவனத்தைக் கலைக்கும். செலவு ஒருவரின் சொந்த ஹலாலான பொருளாக இருக்க வேண்டும். வக்ஃபு நிதியைத் தொடலாகாது.

அவ்வாறாயின் கிப்லாச் சுவரில் இப்ராஹீமின் வண்ணங்கள் எங்ஙனம் இடம்பெற்றன? அவை மிஹ்ராபுக்கு மேலே உயர்ந்து செல்பவை. தொழுபவரின் பார்வையோ ஸுஜூது செய்யும் இடத்தில் நிலைக்க வேண்டியது. இது நம் கருத்தே. இதனை ஏற்காத ஆலிம்களும் இருக்கக்கூடும்.

ஜமாஅத்தாரிடம் இதையே கூறினோம். பிற சமயத்தாரைப் போன்றதாகிவிடும் என்ற அச்சம் தேவையற்றது. ஆயின், அவர்கள் ஒதுக்கியிருந்த தொகை வக்ஃபுக் கடைகளின் வாடகைப் பணம். அதனைக் கூரையின் ஒழுக்கை அடைக்கச் செலவிடுமாறும், கண்ணாடிக்குச் செல்வர் ஒருவர் தம் கைப்பொருளோடு முன்வந்தால் ஆளுயரத்திற்கு மேலே, பக்கச் சுவர்களில் அமைக்குமாறும் சொன்னோம். செயலாளருக்கு அது அவ்வளவாக உவப்பளிக்கவில்லை.